நைட் ஆடிட்டில் வராத பணம்: ஓட்டல் கம்பெனியின் இதர வருமானத்தைப் படிப்பது எப்படி

எழும்பூரில் ஒரு ஓட்டலின் கணக்குப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொடுத்தது நைட் ஆடிட். ரெஸ்டாரன்ட் மூடி, பாரில் கடைசி பில் போட்டு முடித்த பிறகு, இரவு ஒரு மணிக்கு மேல் உட்காருவோம். ஆள் தங்கியிருக்கும் ஒவ்வொரு அறைக்கும் அன்றைய வாடகை ஏறும். காலை டிஃபன், மதிய பஃபே, ரூம் சர்வீஸ், லாண்டரி, பாங்க்வெட் ஹாலில் நடந்த நிச்சயதார்த்தம் என்று அன்றைக்குப் போட்ட ஒவ்வொரு பில்லும் ஒரே தாளில் வந்து நிற்கும். விடிந்ததும் அந்தத் தாள் ஜெனரல் மேனேஜர் மேசையில் இருக்க வேண்டும்.

அந்த வேலையை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எந்த ஓட்டல் கம்பெனியின் காலாண்டு முடிவைத் திறந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தாள்தான். லாபம் ஏறியிருக்கிறது என்றால் என் முதல் கேள்வி இது: இந்தப் பணம் ஏதாவது ஒரு ராத்திரி நைட் ஆடிட் தாளில் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அது ஓட்டல் நடத்திச் சம்பாதித்த பணம். வராது என்றால் அநேகமாக அது ‘இதர வருமானம்’.

எதிர் ஃபிளாட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குகளில் போடத் தொடங்கியிருக்கிறார். போன மாதம் மாடியில் துணி எடுக்கப் போனபோது கைபேசியை நீட்டி, “ஏம்மா, இந்த ஓட்டல் கம்பெனிக்கு லாபம் எகிறிடுச்சாமே, வாங்கலாமா?” என்றார். வாங்கலாமா கூடாதா என்று நான் சொல்வதில்லை. “முடிவுத் தாளைத் திறங்க சார், சேர்ந்து படிக்கலாம்” என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் ஓட்டல் என்றாலே இட்லி, தோசைதான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது தங்கும் அறைகள் உள்ள, பங்குச்சந்தையில் பட்டியலான ஓட்டல் கம்பெனிகளை.

முதலில் சரியான தாள்

செய்தித் தலைப்பை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி பட்டியலான கம்பெனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளைத் தர வேண்டும். ஆண்டு முடிவுக்கு 60 நாள். மும்பை பங்குச்சந்தை, தேசிய பங்குச்சந்தை இரண்டின் இணையதளத்திலும் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். முன்னால் ஆடிட்டர் அறிக்கை இருக்கும், அதைத் தாண்டினால் அட்டவணை வரும்.

அட்டவணையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ‘ரூபாய் லட்சத்தில்’ அல்லது ‘ரூபாய் கோடியில்’ என்று இருக்கும். புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். 4,800 என்று பார்த்துவிட்டு 4,800 கோடி என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது 48 கோடியாக இருக்கும்.

துணை நிறுவனங்கள் உள்ள கம்பெனி என்றால் அட்டவணை இரண்டு இருக்கும். ஸ்டாண்டலோன் என்பது தாய்க் கம்பெனி மட்டும். கன்சாலிடேட்டட் என்பது துணை நிறுவனங்களையும் சேர்த்தது. இதர வருமானம் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். துணை நிறுவனம் தாய்க் கம்பெனிக்கு டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, கொடுத்தால், ஸ்டாண்டலோன் தாளில் அது இதர வருமானமாக வந்து லாபத்தைத் தூக்கிக் காட்டும். கன்சாலிடேட்டட் தாளில் ஒரே குடும்பத்துக்குள் கை மாறிய பணம் என்று அடித்துவிடுவார்கள். அதனால் கன்சாலிடேட்டட் தாளையே எடுங்கள். கூட்டு நிறுவனங்கள், இணை நிறுவனங்களின் லாபத்தில் கம்பெனியின் பங்கு அந்தத் தாளில் கீழே தனி வரியாக வரும். அது இதர வருமானத்தில் சேராது.

அப்புறம், எந்தப் பத்தியோடு எந்தப் பத்தியை ஒப்பிடுவது? அட்டவணையில் இந்தக் காலாண்டு, முந்தைய காலாண்டு, போன வருடம் இதே காலாண்டு என்று வரிசையாக இருக்கும். ஓட்டல் தொழிலுக்குப் போன வருடத்தின் இதே காலாண்டுதான் சரியான துணை. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை–செப்டம்பரில் ஆடி வந்துவிடும், பாங்க்வெட் ஹால் காற்று வாங்கும்; ஆவணி பிறந்தால் முகூர்த்தம் தொடங்கும். டிசம்பரில் சங்கீத சீசனுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களால் அறைகள் நிரம்பும், மார்கழி என்பதால் பாதி மாதத்துக்குக் கல்யாணம் இருக்காது. இப்படி ஏறி இறங்கும் தொழிலில் செப்டம்பர் காலாண்டை ஜூன் காலாண்டோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வர முடியாது.

மேலே உள்ள இரண்டு வரிகள்

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை லாப நட்டக் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதனால் எந்தக் கம்பெனியின் தாளை எடுத்தாலும் மேல் வரிகள் ஒரே மாதிரி இருக்கும். முதல் வரி செயல்பாட்டு வருவாய். இரண்டாவது வரி இதர வருமானம். மூன்றாவது வரி இரண்டின் கூட்டுத்தொகையான மொத்த வருமானம். அதற்குக் கீழே செலவுகள். எல்லாம் கழித்து வரிக்கு முந்தைய லாபம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், செலவெல்லாம் பெரும்பாலும் முதல் வரியைச் சம்பாதிக்க ஆனது. அரிசி, பால், ஊழியர் சம்பளம், ஏசிக்கு ஆகும் மின்கட்டணம் எல்லாமே அறையையும் சாப்பாட்டையும் விற்பதற்குத்தான். வங்கி டெபாசிட்டுக்கு வட்டி வாங்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதனால் இரண்டாவது வரியில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் நேராக லாபத்தில் போய் விழும். இதர வருமானம் மொத்த வருமானத்தில் சின்னப் பங்காகத் தெரியும். லாபத்தில் பெரிய பங்காக இருக்கும். புதியவர்களுக்கு இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

சாருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு

எதிர்வீட்டு சாருக்கு விளக்க ஒரு மாதிரிக் கணக்கு போட்டேன். எந்தக் கம்பெனியின் கணக்கும் அல்ல, எண்கள் எல்லாம் நானே வைத்தவை. சென்னையில் இரண்டு ஓட்டல், மொத்தம் 450 அறைகள். செப்டம்பர் காலாண்டு.

இந்த வருடம் செயல்பாட்டு வருவாய் 48 கோடி. இதர வருமானம் 9 கோடி. மொத்தம் 57 கோடி. செலவில் உணவுப் பொருள் 5 கோடி, சம்பளம் 12 கோடி, மின்சாரம், பராமரிப்பு போன்றவை 17 கோடி, வட்டிச் செலவு 3 கோடி, தேய்மானம் (கட்டடமும் சாமானும் பழசாவதற்கு எழுதும் செலவு) 5 கோடி. ஆக 42 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 15 கோடி.

போன வருடம் இதே காலாண்டில் செயல்பாட்டு வருவாய் 47 கோடி, இதர வருமானம் 2 கோடி, மொத்தம் 49 கோடி. செலவு 40 கோடி. அதிலும் வட்டி 3 கோடி, தேய்மானம் 5 கோடி. லாபம் 9 கோடி.

9 கோடி 15 கோடி ஆனது. தலைப்புச் செய்தி ‘லாபம் 67 சதவீதம் உயர்வு’ என்று வரும். பொய் ஒன்றும் இல்லை.

இப்போது இரண்டு பக்கத்திலும் இதர வருமானத்தை எடுத்துவிடுங்கள். இந்த வருடம் 15லிருந்து 9 போனால் 6 கோடி. போன வருடம் 9லிருந்து 2 போனால் 7 கோடி. ஓட்டல் நடத்திக் கிடைத்தது 7 கோடியிலிருந்து 6 கோடிக்கு இறங்கியிருக்கிறது, 14 சதவீதச் சரிவு. சார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ லாபம் ஏறலையா?” என்று கேட்டார். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது என்றேன்.

இரண்டாவது வரிக்குள் என்ன இருக்கிறது

பெரும்பாலும் காலாண்டு முடிவில் இதர வருமானம் ஒரே எண்ணாகத்தான் இருக்கும். பெரிதாக ஏதாவது வந்திருந்தால் அட்டவணைக்குக் கீழே உள்ள குறிப்புகளில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். முதலீட்டாளர் கூட்டத்தின் எழுத்து வடிவத்திலும் யாராவது கேட்டிருப்பார்கள். முழு விவரம் ஆண்டறிக்கையின் நிதிநிலைக் குறிப்புகளில் ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் இருக்கும். போன வருட ஆண்டறிக்கையை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் இந்தக் கம்பெனிக்கு வழக்கமாக எதெல்லாம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

என் மாதிரிக் கணக்கின் 9 கோடியை இப்படிப் பிரித்தேன். வங்கி டெபாசிட் வட்டி 1.8 கோடி. மியூச்சுவல் ஃபண்டில் மதிப்பு ஏறியது 0.7 கோடி. கம்பெனிக்குச் சொந்தமான ஒரு பழைய கட்டடத்தின் வாடகை 1 கோடி. வெள்ளச் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 3.5 கோடி. வருமான வரி ரீஃபண்டுக்கு வந்த வட்டி 0.6 கோடி. கொடுக்க வேண்டியதில்லை என்று எழுதி எடுத்த பழைய பாக்கிகள் 1.4 கோடி.

ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்க வேண்டியது: அடுத்த வருடமும் இது வருமா? முதல் மூன்றும் வரலாம். சேர்த்து 3.5 கோடி. கடைசி மூன்றும் ஒருமுறை வந்து போகிறவை. சேர்த்து 5.5 கோடி. போன வருடத்தின் 2 கோடி முழுக்க வழக்கமான வட்டியும் வாடகையும்தான் என்று வைத்தேன். அப்படியானால் 15லிருந்து 5.5ஐ மட்டும் கழித்தால் 9.5 கோடி, போன வருடம் 9 கோடி. சுமார் ஐந்தரை சதவீதம் உயர்வு.

ஆக ஒரே தாளுக்கு மூன்று விடை: 67 சதவீதம் ஏறியது, 14 சதவீதம் இறங்கியது, ஐந்தரை சதவீதம் ஏறியது. முதலாவது தலைப்புக்கு. இரண்டாவது ஓட்டல் தொழில் எப்படி நடக்கிறது என்பதற்கு. மூன்றாவது கம்பெனிக்கு வழக்கமாக எவ்வளவு வரும் என்பதற்கு. மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. இதர வருமானம் என்றாலே ஏமாற்று வேலை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயம் இல்லை. கையில் நூறு கோடி வைத்திருக்கும் கம்பெனிக்கு வட்டி வரத்தான் செய்யும். அது பங்குதாரரின் பணம்தான்.

இந்த வகைகளில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காப்பீட்டுப் பணம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தரைத்தளத்துக்குக் கீழே ஜெனரேட்டர், லாண்டரி, ஸ்டோர் எல்லாம் வைத்திருக்கும் கட்டடத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நஷ்டம் அந்தக் காலாண்டிலேயே கணக்கில் ஏறிவிடும். காப்பீட்டுப் பணம் சர்வேயர் வந்து, பார்த்து, கணக்குக் கேட்டு, ஒப்புக்கொண்டு, பல மாதம் கழித்து வரும். அதனால் ஒரு வருடம் லாபம் குறைந்தும் அடுத்த வருடம் கூடியும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கம்பெனிக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை, போனதில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய பாக்கியை எழுதி எடுப்பது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மார்ச் மாதம் மூன்று நாள் இதற்காகவே உட்கார்ந்தோம். பூ சப்ளை செய்தவர் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார். கார்பெட் போட்டவருக்கு உத்தரவாதக் காலத்துக்காகப் பிடித்து வைத்த தொகையை அவர் கேட்கவே வந்திருக்க மாட்டார். லெட்ஜரில் பத்தாயிரம், நாற்பதாயிரம் என்று பாக்கி நின்றுகொண்டே இருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள் என்று உறுதியானதும் அவற்றை வருமானமாக எழுதுவோம். அன்றைக்கு வங்கிக் கணக்கில் ஒரு பைசா ஏறாது. லாபம் மட்டும் ஏறும். மியூச்சுவல் ஃபண்ட் மதிப்பு ஏற்றமும் இதே ஜாதி. யூனிட்டை விற்காமலே, மதிப்பு ஏறியதை லாபத்தில் காட்ட வேண்டும் என்பது இப்போதைய கணக்கியல் விதி. சந்தை இறங்கும் காலாண்டில் அதுவே எதிர்த்திசையில் போகும்.

கொரோனா காலத்துத் தாள்களோடு ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 2020 ஜூலையில் குத்தகைக்கான கணக்கியல் தரத்தில் ஒரு திருத்தம் வந்தது. கட்டட உரிமையாளர் விட்டுக்கொடுத்த வாடகையை நேராக லாப நட்டக் கணக்கில் கொண்டுவர அது வழி செய்தது. குத்தகைக் கட்டடத்தில் ஓட்டல் நடத்திய சிலர் அதை இதர வருமானத்தில் காட்டினார்கள். அறை காலியாகக் கிடந்த காலத்தில் இந்த வரி மட்டும் பெருத்துத் தெரியும்.

எபிட்டாவைக் கேட்டு வாங்குங்கள்

வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தை எபிட்டா என்பார்கள். ஓட்டல் கம்பெனிகளின் விளக்கப் படங்களில் இது பெரிய எழுத்தில் இருக்கும். இதற்குச் சட்டப்படி ஒரே வடிவம் கிடையாது. இதர வருமானத்தைச் சேர்த்தும் போடுவார்கள், சேர்க்காமலும் போடுவார்கள். அடிக்குறிப்பைப் படித்தால்தான் தெரியும்.

மாதிரிக் கணக்கில் சேர்த்துப் போட்டால் எபிட்டா 23 கோடி, மொத்த வருமானம் 57 கோடியில் 40 சதவீதம். போன வருடம் 17 கோடி, 49 கோடியில் 35 சதவீதம் கிட்ட. மார்ஜின், அதாவது இந்தச் சதவீதம், ஐந்து புள்ளிக்கு மேல் கூடியிருக்கிறது என்று படம் போடலாம். சேர்க்காமல் பார்த்தால் இந்த வருடம் 14 கோடி, 48 கோடியில் 29 சதவீதம். போன வருடம் 15 கோடி, 47 கோடியில் 32 சதவீதம். மார்ஜின் குறைந்திருக்கிறது. வருவாய் ஒரு கோடிதான் கூடியது, சம்பளமும் மின்கட்டணமும் அதைவிட அதிகமாகக் கூடிவிட்டன. முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

செயல்பாட்டு வருவாய் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. சராசரி அறை வாடகையையும் அறை நிரம்பிய விகிதத்தையும் ஓட்டல் கம்பெனிகள் தனியாகச் சொல்வார்கள். வாடகை 8,000 ரூபாய், நிரம்பியது 72.5 சதவீதம் என்றால் ஒரு அறைக்கு ஒரு நாளைக்கு 5,800 ரூபாய். இதை ரெவ்பார் என்பார்கள். 450 அறை, 92 நாள் பெருக்கினால் 24 கோடி. மீதி 24 கோடி சாப்பாடு, பாங்க்வெட், மற்றவை. சென்னை மாதிரி கல்யாணமும் கான்ஃபரன்ஸும் நடக்கும் ஊரில் பாதிக்குப் பாதி என்பது நம்பக்கூடிய கணக்குதான்.

வட்டிக்குப் பின்னால் டெபாசிட் இருக்கிறதா

செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு சொத்து, கடன் பட்டியலும் பணப்புழக்க அறிக்கையும் வரும். மூன்று மாத வட்டி 1.8 கோடி என்றால் வருடத்துக்கு 7.2 கோடி. 7 சதவீத வட்டி என்று வைத்தால் சுமார் 100 கோடி டெபாசிட் இருந்தாக வேண்டும். பட்டியலில் ரொக்கம், வங்கி இருப்பு என்ற வரிகளில் அந்த அளவு தெரிகிறதா பாருங்கள். 20 கோடிதான் இருக்கிறது என்றால், வட்டி வேறு எங்கிருந்தோ வருகிறது. குழும நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனாக இருக்கலாம். அது திரும்பி வருமா என்பது வேறு கவலை.

பணப்புழக்க அறிக்கையில் வட்டியும் டிவிடெண்டும் முதலீட்டுப் பகுதியில் தனியாக நிற்கும். செயல்பாட்டுப் பகுதியின் கடைசி எண் ஓட்டல் கொண்டுவந்த ரொக்கம். லாபம் ஏறி இது இறங்கியிருந்தால் மறுபடி இரண்டாவது வரிக்குப் போங்கள்.

சார் இங்கே நல்ல கேள்வி கேட்டார். “100 கோடி டெபாசிட் வச்சிருக்கறவங்க எதுக்கும்மா 3 கோடி வட்டி கட்டறாங்க?” கேட்க வேண்டியதுதான். ஆனால் 2019 ஏப்ரலிலிருந்து குத்தகைக் கட்டடங்களுக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதி வட்டிச் செலவாகவே காட்டப்படுகிறது. அதனால் அந்த 3 கோடி முழுக்க வங்கிக் கடனுக்கான வட்டியாக இருக்க வேண்டியதில்லை. குறிப்பில் குத்தகை வட்டி தனியாக இருக்கும், பாருங்கள். கம்பெனி சமீபத்தில் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டி, புது ஓட்டல் கட்டும்வரை வங்கியில் வைத்திருந்தால் அந்த வட்டியும் கட்டி முடிக்கும்வரைதான் வரும்.

குழம்பக்கூடிய இடங்கள்

நைட் ஆடிட் தாளில் வராத எல்லாமே இதர வருமானம் ஆகிவிடாது. பிறருடைய ஓட்டலை நடத்திக் கொடுத்து வாங்கும் நிர்வாகக் கட்டணம் எந்த ராத்திரித் தாளிலும் வராது, ஆனால் அது தொழில் வருவாய்தான். லாபியில் நகைக்கடை, சால்வைக் கடை வைத்திருப்பவர்கள் மாதம் கொடுக்கும் லைசென்ஸ் கட்டணமும் பெரும்பாலும் செயல்பாட்டு வருவாயில் போகும்.

அதே மாதிரி, ஓட்டல்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் கணக்கு முறை ஒன்று இருக்கிறது. 1926இல் நியூயார்க்கில் தொடங்கியது, உலகம் முழுக்க நட்சத்திர ஓட்டல்களில் பழக்கத்தில் இருக்கிறது. அதில் ‘பல்வகை வருமானம்’ என்று ஒரு தலைப்பு வரும். ரத்துக் கட்டணம், கடை வாடகை, கமிஷன் எல்லாம் அதில் சேரும். ஓட்டல் மேலாளர் அந்த அர்த்தத்தில் பேசுவதையும் நிறுவனச் சட்டம் சொல்லும் இதர வருமானத்தையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

ஒரு ஓட்டலையே விற்றால் வரும் பெரிய லாபம் பெரும்பாலும் ‘அசாதாரண இனங்கள்’ என்ற தனி வரியில், கீழே வரும். பழைய ஏசி, கட்டில் விற்ற சின்ன லாபம் இதர வருமானத்தில் இருக்கும். ஓட்டலும் வேறு தொழிலும் ஒரே கம்பெனிக்குள் இருந்தால் பிரிவுவாரி அட்டவணையைப் பார்க்க வேண்டும். கிண்டியில் 2012இல் திறந்த கிராண்ட் சோழாவின் கணக்கு பல வருடம் சிகரெட்டும் விற்கும் ஐடிசி கம்பெனியின் ஒரு பிரிவுக்குள்தான் இருந்தது. 2025 ஜனவரியில்தான் ஐடிசி ஹோட்டல்ஸ் தனியாகப் பிரிந்து பட்டியலானது.

சார் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். கம்பெனிக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு காலாண்டுக்கும் நான்கு எண்: செயல்பாட்டு வருவாய், இதர வருமானம், அதைக் கழித்த லாபம், ஒருமுறை வந்ததை மட்டும் கழித்த லாபம். அவர் கைபேசியில் காட்டிய அந்தக் கம்பெனிக்கு முதல் மூன்றையும் எழுதிவிட்டார். நான்காவது காலியாக இருக்கிறது, குறிப்பில் விவரம் இல்லை. டிசம்பர் காலாண்டு முடிவு பிப்ரவரி 14க்குள் வந்தாக வேண்டும். அதுவரை வாங்கப் போவதில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார்.